தன் டிஸ்க் எது என்று அறியாத சர்வர்: நெட்வொர்க் வழி இயங்குதள நிறுவல் குறித்த நிகழ்வு ஆய்வு

2024 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை மாலை, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நான் பணிபுரிந்த உற்பத்தி நிறுவனத்தின் சர்வர் அறையில், நெட்வொர்க் வழியே இயங்குதளத்தைத் தானாகவே நிறுவும் ஏற்பாட்டை ஒரு பழைய சர்வரில் முதன்முறையாக ஓட விட்டோம். யாரும் விசைப்பலகையைத் தொடவில்லை. பதினெட்டு நிமிடங்களில் நிறுவல் முடிந்துவிட்டதாகத் திரை அறிவித்தது. சர்வர் தானே அணைந்து மறுபடி எழுந்தது. எழுந்தபோது நாங்கள் எதிர்பார்த்த புதிய இயங்குதளமாகிய அல்மாலினக்ஸ் 9 வரவில்லை. காலையில் நாங்கள் அணைத்து வைத்த அதே சென்ட்ஓஎஸ் 7, அதே பெயரோடும் அதே கடவுச்சொல்லோடும், எதுவுமே நடக்காதது போல நுழைவுத் திரையைக் காட்டி நின்றது.

அப்படியானால் புதிய இயங்குதளம் எங்கே போய் உட்கார்ந்தது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தது. "சார், பழைய ரிப்போர்ட் எதுவும் திறக்க மாட்டேங்குது. காலையில எல்லாம் இருந்துச்சே" என்றார் ஆய்வகப் பொறுப்பாளர். அடுத்த பத்து நிமிடங்களில் விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் ஏற்பாடு, சர்வரின் சொந்த டிஸ்க்கை விட்டுவிட்டு, அடுத்த ராக்கில் இருந்த பொதுச் சேமிப்பகத்தில் ஆய்வகத்தின் ஆவணங்கள் இருந்த பகுதியை அழித்து, அதன் மேல் இயங்குதளத்தை நிறுவியிருந்தது.

இயங்குதளத்தை ஒரு மனிதர் கையால் நிறுவும்போது, நிறுவி எனப்படும் நிறுவல் நிரல் எழுப்பும் கேள்விகள் பல. மொழி, நேர மண்டலம், கடவுச்சொல், மென்பொருள் தொகுப்பு ஆகியவற்றுக்குத் தவறாக விடை சொன்னாலும் பிறகு திருத்திக்கொள்ளலாம். எந்த டிஸ்க்கை அழிக்கலாம் என்ற ஒரு கேள்விக்குச் சொல்லும் விடை மட்டும் திரும்பப் பெற முடியாதது. தானியங்கி நிறுவலில் அந்தக் கேள்வியும் மற்றவற்றைப் போலவே முன்கூட்டியே எழுதி வைத்த விடையால் கடந்துபோகிறது. அந்த ஒரு விடையை எப்படி எழுதினோம், எப்படி எழுதியிருக்க வேண்டும் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

பின்னணி

எங்களிடம் இருந்தவை 38 சர்வர்கள். மூன்று வெவ்வேறு காலங்களில் வாங்கப்பட்டவை. மின்சாரம் வந்ததும் இயங்குதளத்தைத் தேடி எழுப்பும் உள்நிரல் முதல் தொகுதியில் பழைய பயாஸ் முறையினது. பின்னால் வந்த இரண்டும் அதற்குப் பதிலாக வந்த யு.இ.எஃப்.ஐ. முறையினவை. பெரும்பாலானவற்றில் சென்ட்ஓஎஸ் 7 ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30 அன்று நிற்கப்போகின்றன என்பது வெகு முன்பே அறிவிக்கப்பட்ட செய்தி. சர்வர் பிரிவில் நாங்கள் நால்வர். அவர்களில் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் கடலூர் கிளையில் இருப்பார். ஒரு சர்வருக்கு அரை நாள் என்று வைத்தாலும், கையால் நிறுவிக்கொண்டு போனால் வேறு எந்த வேலையும் செய்யாமல் ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் போய்விடும்.

நேரத்தைவிட என்னை அதிகம் உறுத்திய காரணம் வேறு. கையால் நிறுவிய சர்வர்களில் ஒன்றுபோல் மற்றொன்று இருந்ததில்லை. ஒருவர் டிஸ்க்கைப் பிரித்த அளவு வேறு, இன்னொருவர் நிறுவிய தொகுப்புகள் வேறு. ஒரு சர்வர் பழுதானால் அதை அப்படியே மீண்டும் கட்டியெழுப்ப எங்களில் எவராலும் முடியாது என்பதே உண்மை நிலை. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததைப் பார்த்தவர்கள் எங்கள் பிரிவில் இருவர் உண்டு. கடலோர ஊரில் சர்வர் அறை வைத்திருப்பவர்களுக்கு மீண்டும் கட்டியெழுப்பும் திறன் அன்றாடத் தேவைகளில் ஒன்று.

நெட்வொர்க்கிலிருந்து எழும் முறை

ஒரு சர்வர் தன்னுள் எந்த இயங்குதளமும் இல்லாமல் நெட்வொர்க்கிலிருந்தே எழுவதற்கான அடிப்படை மிகப் பழையது. கோப்பை எளிமையாகக் கடத்தும் டி.எஃப்.டி.பி. நெறிமுறை 1981-இலும், முகவரி கேட்டுத் துவங்கும் பூட்-பி 1985-இலும், அதன் விரிவான வடிவமாகிய டி.ஹெச்.சி.பி. 1993-இலும் வரையறுக்கப்பட்டன. இவற்றை ஒன்றாகக் கோத்து, நெட்வொர்க் அட்டைக்குள்ளேயே இருக்கும் சிறு நிரல் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று இன்டெல் நிறுவனம் வகுத்ததே பி.எக்ஸ்.இ.; இன்றுவரை அனைவரும் சார்ந்திருக்கும் அதன் 2.1 பதிப்பு 1999 செப்டம்பரில் வெளியானது.

நடப்பது இதுதான். மின்சாரம் வந்ததும் நெட்வொர்க் அட்டை தனக்கு ஒரு ஐ.பி. முகவரி வேண்டும் என்று நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி குரல் கொடுக்கிறது. கூடவே தான் பி.எக்ஸ்.இ. கேட்பவன் என்பதையும், 93 என்ற எண்ணுள்ள விருப்பப் புலத்தில் தான் பயாஸா யு.இ.எஃப்.ஐ.யா என்பதையும் சொல்கிறது. அந்தப் புலத்தில் 0 இருந்தால் பயாஸ். 64 பிட் யு.இ.எஃப்.ஐ. பெரும்பாலும் 7 என்று சொல்லும். டி.ஹெச்.சி.பி. சர்வர் முகவரியோடு, எந்த இடத்திலிருந்து எந்தக் கோப்பை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் திருப்பிச் சொல்கிறது. பயாஸுக்கான கோப்பை யு.இ.எஃப்.ஐ. சர்வருக்குக் கொடுத்தால் அது இறங்கும், ஓடாது. அடுத்து அந்தத் துவக்க நிரல், இயங்குதளத்தின் மையக்கருவாகிய கெர்னலையும் அதன் தொடக்க நினைவகப் படிமத்தையும் இறக்குகிறது. கெர்னல் எழுந்து நிறுவியை ஓட்டுகிறது. நிறுவி தன் கேள்விகளுக்கான விடைத்தாளை ஹெச்.டி.டி.பி. வழியே வாங்கிக்கொள்கிறது. சென்ட்ஓஎஸ், அல்மாலினக்ஸ் இரண்டும் சேர்ந்த ரெட் ஹாட் குடும்பத்தில் அந்த விடைத்தாளின் பெயர் கிக்ஸ்டார்ட். டெபியனில் பிரீசீட், சூசேயில் ஆட்டோயாஸ்ட் என்று பெயர்களும் எழுதும் முறையும் மாறினாலும் செய்யும் வேலை ஒன்றே.

சொல்லும்போது நேர்கோடாகத் தெரியும் இந்தச் சங்கிலியில் எங்களை இரண்டு வாரம் நிறுத்திவைத்தது, சர்வர்களின் கேபிள்களை ஒன்றிணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச். நெட்வொர்க்கில் சுழல் உண்டாகாமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ என்ற ஏற்பாடு, புதிதாக உயிர்பெறும் ஒவ்வொரு போர்ட்டையும் 15 விநாடி கவனித்து, மேலும் 15 விநாடி கற்றுக்கொண்ட பிறகே தரவை உள்ளே விடும். நான் ராக்கின் பின்புறம் மண்டியிட்டு, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அந்த ஸ்விட்ச் விளக்கைப் பார்த்திருக்கிறேன்: கேபிள் உயிர்பெற்றதும் ஆரஞ்சு, சரியாக முப்பது விநாடி கழித்துப் பச்சை. பி.எக்ஸ்.இ. நிரல் பொறுமையாக 4, 8, 16, 32 விநாடிகள் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே கேட்பதால் முதல் கட்டத்தில் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். சிக்கல் அடுத்த கட்டங்களில் இருந்தது. துவக்க நிரல் எழும்போதும் பிறகு கெர்னல் எழும்போதும் நெட்வொர்க் அட்டை புதிதாகத் துவக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் இணைப்பு ஒரு கணம் அறுந்து, ஸ்விட்ச் மறுபடி முப்பது விநாடி எண்ணத் தொடங்குகிறது. அதனால் கெர்னல் வரை நன்றாக வந்த சர்வர், கிக்ஸ்டார்ட் கோப்பை எடுக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடும். கோப்பின் அனுமதி, முகவரி, தீச்சுவர் என்று எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தோம்; குற்றம் அவற்றில் எதிலும் இல்லை. சர்வர்கள் இணையும் போர்ட்களை, சுழலுக்கு வழியில்லாததால் காத்திருக்கத் தேவையில்லாத விளிம்புப் போர்ட் என்று அறிவித்ததும், விளக்கு உடனே பச்சையானது.

இரண்டாவது சிக்கல், இரண்டு கேபிள்களை ஒன்றாகக் கட்டும் எல்.ஏ.சி.பி. இணைப்புகளில் வந்தது. அந்தக் கட்டு இயங்குதளம் எழுந்த பிறகே பேசத் தெரிந்தது; பி.எக்ஸ்.இ. நிரலுக்கு அந்த மொழி தெரியாது. எதிரில் யாரும் எல்.ஏ.சி.பி. பேசாததால் ஸ்விட்ச் அந்தப் போர்ட்டை நிறுத்திவைத்துவிடும். எதிரில் பேச்சு இல்லாவிட்டால் ஒரு போர்ட்டைத் தனியாக இயங்க விடும் அமைப்பு ஸ்விட்சிலேயே இருந்தது, அதை இயக்கினோம்.

இந்த இரண்டு தடைகளையும் தாண்டிய மகிழ்ச்சியில்தான் அந்த வியாழக்கிழமை வந்தது.

எப்படி நேர்ந்தது

நாங்கள் சோதனைக்கு எடுத்த சர்வர் முதல் தொகுதியைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் ஆய்வகத்தின் மென்பொருள் அதில்தான் ஓடியது; இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த மென்பொருளைப் புதிய சர்வருக்கு மாற்றிவிட்டு, பழையதைச் சோதனைக்கென்று ஒதுக்கியிருந்தோம். மாற்றியபோது, பொதுச் சேமிப்பகத்தில் அந்த ஆய்வகப் பகுதியைப் புதிய சர்வருக்கும் காட்டும்படி செய்தவர்கள், பழைய சர்வருக்குக் காட்டுவதை நிறுத்தவில்லை. சர்வரைச் சேமிப்பகத்தோடு இணைக்கும் ஃபைபர் சேனல் கேபிளும் பிடுங்கப்படாமல் அப்படியே இருந்தது. சென்ட்ஓஎஸ் 7 அந்தப் பகுதியை மவுன்ட் செய்து, அதாவது இணைத்துப் பயன்படுத்தாததால் இரண்டாண்டுகள் எவருக்கும் அது தெரியவில்லை.

எங்கள் கிக்ஸ்டார்ட் கோப்பில் டிஸ்க் பற்றிய வரிகள் இரண்டே: எல்லாப் பிரிவினைகளையும் அழித்துவிடு, தானாகவே பிரித்துக்கொள். எந்த டிஸ்க் என்று ஒரு வார்த்தை இல்லை. எல்லாச் சர்வர்களிலும், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் ரெய்டு அட்டைக்குப் பின்னால் ஒரே ஒரு டிஸ்க்தான் தெரியும் என்ற நம்பிக்கையில் அப்படி எழுதினோம். இணையத்தில் காணப்படும் மாதிரிகளில் பலவும் இவ்வாறே இருக்கும். மாதிரியை எடுத்து வந்தது நான்தான்.

இத்தோடு நின்றிருந்தால்கூட இரண்டு டிஸ்க்குகள் தெரிந்திருக்கும். நிறுவி இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கும், சேதம் அப்போதும் நேர்ந்திருக்கும், ஆனால் காரணம் உடனே புரிந்திருக்கும். நடந்தது இன்னும் ஒரு படி மறைவானது. பழைய ரெய்டு அட்டைகள் சிலவற்றுக்கான ஆதரவை ரெட் ஹாட் தன் 8-ஆம் பதிப்பிலிருந்தே கெர்னலில் நீக்கத் தொடங்கியிருந்தது. இது வெளியீட்டுக் குறிப்புகளில் வெளிப்படையாக எழுதப்பட்ட செய்தி; நாங்கள் அதைப் படித்திருக்க வேண்டும். அதே மூலத்திலிருந்து உருவான அல்மாலினக்ஸ் 9.3-இன் நிறுவி எழுந்தபோது, எங்கள் ரெய்டு அட்டை அதன் கண்ணுக்கே தெரியவில்லை. ஃபைபர் சேனல் அட்டையோ பிற்பாடு வாங்கிப் பொருத்தப்பட்டது. அதற்கான டிரைவர் இருந்தது. ஆக, நிறுவியின் பார்வையில் அந்தச் சர்வரில் இருந்த ஒரே டிஸ்க், சர்வருக்குச் சொந்தமில்லாத அந்த ஆய்வகப் பகுதி. எல்லாவற்றையும் அழி என்று எழுதியிருந்தோம்; அதற்குத் தெரிந்த எல்லாம் அது ஒன்றே.

துவக்கப் பதிவும் அந்தப் பகுதியிலேயே எழுதப்பட்டது. சர்வரின் பயாஸ் வழக்கம்போல் ரெய்டு டிஸ்க்கிலிருந்து துவங்கியது. தொடப்படாத சென்ட்ஓஎஸ் 7 எழுந்து நின்றது. நிறுவி தன் வேலையைக் குறையின்றி முடித்துவிட்டு வெற்றி என்று சொன்னது. பிழைச் செய்தி ஒன்றுகூட பதிவுகளில் இல்லை. இந்த நிகழ்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வெற்றிச் செய்தியே.

ஆய்வகத்தின் ஆவணங்களுக்கு முந்தைய இரவின் காப்புப் பிரதி இருந்தது. அதை மீட்டு ஏற்ற ஒன்பது மணி நேரம் ஆனது. வியாழக்கிழமை பகலில் ஏற்றிய பதிவுகள் மட்டும் போய்விட்டன. ஆய்வகத்தில் காகிதப் பதிவேடு வைத்திருக்கும் வழக்கம் கைவிடப்படாமல் இருந்ததால், வெள்ளிக்கிழமை முழுவதும் மூன்று பேர் உட்கார்ந்து அவற்றை மறுபடி ஏற்றினார்கள். நான் நேரில் சென்று, தவறு எங்களுடையது என்று சொன்னேன். "பதிவேடு எழுதுறதை இந்த வருஷம் நிறுத்தலாம்னு இருந்தோம் சார்" என்று பொறுப்பாளர் சொன்னபோது எனக்கு மறுமொழி எழவில்லை.

மாற்றி அமைத்தது

திங்கட்கிழமை நாங்கள் நால்வரும் கூடியபோது, கையால் நிறுவுவதற்கே திரும்பிவிடலாம் என்ற கருத்தும் எழுந்தது. எங்களில் மூத்தவர் அதை மறுத்தார். "தம்பி, கையால செஞ்சிருந்தாலும் அந்தத் திரையில ஒரே டிஸ்க்தான் தெரிஞ்சிருக்கும். நீயும் அதையேதான் தேர்ந்தெடுத்திருப்ப" என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தால், தெரியும் டிஸ்க்கின் கொள்ளளவைப் பார்த்து ஒரு கணம் தயங்கியிருக்கக்கூடும். அந்தத் தயக்கத்தை எழுத்தில் கொண்டுவருவது என்று முடிவு செய்தோம்.

முதலில் சர்வரின் அடையாளம். எந்தச் சர்வர் கேட்கிறது என்பதை, நெட்வொர்க் அட்டையில் பதிந்திருக்கும் மேக் முகவரியை வைத்து அறிவதே வழக்கம். ஆனால் நெட்வொர்க் அட்டையையோ மதர்போர்டையோ மாற்றினால் மேக் முகவரி மாறிவிடும். பழுதான சர்வரின் அட்டையை இன்னொன்றில் பொருத்தினால் அடையாளமும் கூடவே இடம் மாறும். எனவே தயாரிப்பாளர் பதித்த வரிசை எண்ணையே அடையாளமாகக் கொண்டோம். 2010-இல் ஜி-பி.எக்ஸ்.இ. திட்டத்திலிருந்து பிரிந்து வளர்ந்த ஐ-பி.எக்ஸ்.இ. என்ற துவக்க நிரல் இதற்குக் கைகொடுத்தது. அது சர்வரின் வரிசை எண்ணை மதர்போர்டிலிருந்து படித்து, தான் கேட்கும் ஹெச்.டி.டி.பி. முகவரியோடு சேர்த்து அனுப்பும். பெட்டிக்கு வெளியே ஒட்டியிருக்கும் எண்ணும் உள்ளே பதிந்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று 38 சர்வர்களையும் நேரில் பார்த்துச் சரிபார்த்தோம். இரண்டில், தயாரிப்பாளர் நிரப்ப வேண்டிய இடம் என்ற வாசகமே வரிசை எண்ணாக இருந்தது! அவை இரண்டையும் தானியங்கி ஏற்பாட்டிலிருந்து விலக்கிவைத்தோம்.

அடுத்தது அனுமதி. முன்பு யார் கேட்டாலும் நிறுவல் கிடைத்தது. இப்போது கேட்கும் வரிசை எண்ணுக்கு நிறுவல் அனுமதி இருந்தால் மட்டுமே கிக்ஸ்டார்ட் தரப்படும். இல்லையேல் உன் சொந்த டிஸ்க்கிலிருந்தே துவங்கு என்பதே விடை. எங்களில் ஒருவர் கோரிக்கை எழுதி இன்னொருவர் ஒப்புதல் தந்தால்தான் அனுமதி பிறக்கும். இரண்டு மணி நேரத்தில் அது காலாவதியாகும். ஒருமுறை பயன்பட்டதும் தீர்ந்துபோகும். நிறுவல் முடிந்த சர்வர் மறுபடி நெட்வொர்க்கிலிருந்தே துவங்கி, மறுபடி நிறுவிக்கொண்டு, இரவு முழுவதும் தன்னைத்தானே அழித்துக்கொண்டிருக்கும் பழைய நோய்க்கும் இதுவே மருந்தாயிற்று.

மூன்றாவதுதான் இந்த ஆய்வின் மையம். கிக்ஸ்டார்ட்டில் நிறுவல் தொடங்கும் முன்பே ஓடும் முன்நிரல் என்று ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு சர்வருக்கும், அதன் சொந்த டிஸ்க் எந்தக் கட்டுப்பாட்டு அட்டையின் எந்த இடத்தில் இருக்கிறது, அதன் கொள்ளளவு எவ்வளவு, மொத்தம் எத்தனை டிஸ்க்குகள் தெரிய வேண்டும் என்ற மூன்று விவரங்களைப் பதிவேட்டில் எழுதினோம். முன்நிரல் அந்த மூன்றையும் நிறுவியின் கண்ணுக்குத் தெரிவதோடு ஒப்பிடும். மூன்றும் பொருந்தினால் மட்டுமே, இந்த ஒரு டிஸ்க்கை மட்டும் பயன்படுத்து என்ற வரியை அது எழுதித் தரும். ஒன்று பொருந்தாவிட்டாலும் எதிர்பார்த்தது என்ன, கண்டது என்ன என்று சிவப்பு எழுத்தில் காட்டிவிட்டு அசையாமல் நிற்கும். குறைவாகத் தெரிந்தாலும் நிற்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அந்த வியாழக்கிழமை எங்களைக் கவிழ்த்தது அதிகமாகத் தெரிந்த டிஸ்க் மட்டும் அன்று. தெரிய வேண்டியது தெரியாமல் போனதும்தான்.

டிஸ்க்கின் வழக்கமான பெயரை நம்பாமல் இருக்கும் இடத்தை வைத்தே அடையாளம் காண்பதற்குக் காரணம் உண்டு. கெர்னல் முதலில் கண்டதற்கு முதல் பெயரையும் அடுத்ததற்கு அடுத்த பெயரையும் கொடுக்கிறது. எது முதலில் கண்ணில் படும் என்பதற்கு உறுதியில்லை. எங்கள் மூன்றாம் தொகுதிச் சர்வர்களில் இரண்டு என்.வி.எம்.இ. டிஸ்க்குகள் இருந்தன, ஒரே சர்வரை இருமுறை துவக்கியபோதே அவற்றின் பெயர்கள் இடம் மாறியதைப் பார்த்தோம்.

இவற்றோடு, நிறுவலின்போது ஃபைபர் சேனல் டிரைவரே ஏறாதபடி கெர்னல் வரியில் தடை வைத்தோம். சேமிப்பகத்தின் பக்கம், நிறுவல் முடிந்து சர்வர் எழுந்த பிறகே அதற்குரிய பகுதியைக் காட்டுவது என்று வழக்கத்தை மாற்றினோம். ஒரே தவறுக்கு மூன்று தடுப்புகளா என்று கேட்டவர்கள் உண்டு. மூன்றில் இரண்டு என்றாவது ஒருநாள் மறக்கப்படும் என்பது எங்கள் கணிப்பு.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் தொகுப்புகளை எங்கள் உள் களஞ்சியத்தில் குறிப்பிட்ட நாளின் நிலையில் உறையவைத்து, எல்லாச் சர்வர்களும் அதிலிருந்தே நிறுவிக்கொள்ளும்படி செய்தோம். முந்தைய விடைத்தாளில் மாற்றுருவாக்கப்பட்ட கடவுச்சொல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருந்தது. அதை எடுத்துவிட்டு, கடவுச்சொல் இல்லாமல் நுழைய உதவும் எஸ்.எஸ்.ஹெச். சாவிகளுக்கு மாறினோம். ஒரு சர்வரில் கடிகாரத்துக்கான சிறு பேட்டரி தீர்ந்து ஆண்டு 2012 என்று காட்டியதால், களஞ்சியத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று சொல்லி நிறுவல் நின்றது. பேட்டரியை மாற்றியதும் தீர்ந்தது.

முதல் தொகுதிச் சர்வர்களின் ரெய்டு அட்டைப் பிரச்சினைக்கும் விடை கிடைத்தது. 2024 மே மாதம் வந்த அல்மாலினக்ஸ் 9.4, ரெட் ஹாட் நீக்கிய பழைய அட்டைகள் பலவற்றுக்கான ஆதரவைத் தன் கெர்னலில் மீண்டும் சேர்த்திருந்தது. எங்கள் அட்டையும் அதில் இருந்தது. ஜூன் 30-க்கு நான்கு நாள் முன்பாக, விலக்கிவைத்த இரண்டைத் தவிர, எல்லாம் முடிந்துவிட்டன. ஒரு சர்வருக்கு ஆன நேரம் 14 நிமிடம்.

கடலூர் இணைப்பு

கடலூர்க் கிளையில் மூன்று சர்வர்கள் இருந்தன. இரண்டு ஊருக்கும் இடையே பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரம். ஆனால் நெட்வொர்க் வழி நிறுவலுக்கு அந்தத் தூரம் பெரிது. முதலாவது, முகவரி கேட்கும் குரல் ரவுட்டரைத் தாண்டாது. ரவுட்டரில் அதைக் கேட்டு முன்னனுப்பும் அமைப்பை வைக்க வேண்டும். அது எளிது. டி.எஃப்.டி.பி. எளிதாக இல்லை. அந்த நெறிமுறை ஒரு துண்டை அனுப்பி, கிடைத்தது என்ற பதில் வந்த பிறகே அடுத்த துண்டை அனுப்பும். துண்டின் அடிப்படை அளவு 512 பைட். எங்கள் வாடகை இணைப்பில் போய்வரும் நேரம் ஏறத்தாழ 20 மில்லிவிநாடி. நூறு மெகாபைட் படிமம் என்றால் இரண்டு லட்சம் துண்டுகள். துண்டுக்கு 20 மில்லிவிநாடி என்றால் நான்காயிரம் விநாடிகள், அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல். இணைப்பின் வேகத்தைக் கூட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனெனில் காத்திருப்பதிலேயே நேரம் போகிறது. முதல் நாள் இணைப்பு வழங்குநரிடம் வேகம் குறைவு என்று புகார் எழுதத் தொடங்கி, இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்த பிறகு அதைக் கிழித்துவிட்டேன்.

ஐ-பி.எக்ஸ்.இ. நிரல் ஒரு மெகாபைட் அளவே உள்ளது என்பதால் அதை மட்டும் டி.எஃப்.டி.பி. வழியே இறக்கி, மற்ற எல்லாவற்றையும் ஹெச்.டி.டி.பி. வழியே எடுக்கும்படி செய்தோம். அதிலும் ஒரு கண்ணி உண்டு: ஐ-பி.எக்ஸ்.இ. எழுந்ததும் தானும் டி.ஹெச்.சி.பி.யிடம் கேட்கும், கேட்பது யார் என்று பாராமல் பழைய விடையையே தந்தால், அது தன்னையே மறுபடி இறக்கிக்கொண்டு முடிவில்லாமல் சுற்றும். கேட்பவர் ஐ-பி.எக்ஸ்.இ. என்று சொன்னால் வேறு விடை தரும்படி டி.ஹெச்.சி.பி.யை அமைத்தோம். புதிய யு.இ.எஃப்.ஐ. சர்வர்கள் 2015-இல் வந்த 2.5 பதிப்பு முதல் ஹெச்.டி.டி.பி. வழியே நேரடியாகத் துவங்க வல்லவை. எங்களிடம் இருந்தவற்றில் பழையவையும் கலந்திருந்ததால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் வழியையே எடுத்துக்கொண்டோம். துவக்கச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்கும் சர்வர்களுக்கு மட்டும் வெளியீட்டோடு வரும், கையொப்பமிட்ட ஷிம், க்ரப் என்ற துவக்க நிரல்களைக் கொடுத்தோம்.

டிசம்பரில்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மேட்டுப்பாளையம் சர்வர் அறை முதல் மாடியில் இருந்ததால் தப்பியது. இரண்டு நாள் கழித்து, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருகியபோது, கடலூரில் ஆற்றங்கரைப் பக்கம் இருந்த எங்கள் கிளைக்குள் தண்ணீர் புகுந்தது. தரைத்தளத்தில் இருந்த ராக்கின் கீழ்ப்பாதி நனைந்தது. மூன்று சர்வர்களும் போயின.

தண்ணீர் வடிந்த பிறகு, புதுச்சேரியில் மாற்றுக்கென்று வைத்திருந்த மூன்று சர்வர்களில் அந்த மூன்றையும் கட்டியெழுப்புவது என்று முடிவாயிற்று. வரிசை எண்களைப் பதிவேட்டில் மாற்றி, கடலூர்ச் சர்வர்களின் பெயர்களையும் பொறுப்புகளையும் அவற்றுக்குக் கொடுத்து, அனுமதி எழுதினோம். முதல் இரண்டும் கால் மணி நேரத்துக்குள் எழுந்தன. தரவை மீட்டு ஏற்றுவது அதிகாலை வரை நீண்டது.

மூன்றாவது சர்வரை ராக்கின் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் என்னை அழைத்தார். "சார், சிவப்பு எழுத்துல நின்னுடுச்சு. ஒரு டிஸ்க் இருக்கணுமாம், ரெண்டு இருக்காம்." நான் போய்ப் பார்த்தேன். முன்புறம் மூன்றாவது குழியில், எங்கள் பதிவேட்டில் இல்லாத ஒரு டிஸ்க் செருகியிருந்தது. வெளியே இழுத்துத் திருப்பியபோது அதன் மேல் பேனாவால் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது: சம்பளப் பிரிவு, பழைய சர்வர், அழிக்க வேண்டாம். கணக்குப் பிரிவினர் எப்போதோ பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்ததை, காலியாக இருந்த குழியில் யாரோ செருகி வைத்திருக்கிறார்கள்.

அந்த டிஸ்க்கை உறையில் போட்டு, தேதி எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டினோம். இளைஞர் சர்வரின் பொத்தானை மறுபடி அழுத்தினார்.